‘நானா’ என்று எழுதிவிட்டார்களா?
ராணுவ மெடிக்கல் போர்டும் டிசபிலிட்டி பென்ஷனும்: வாசகர் கேள்வி பதில்

பெயர் போட வேண்டாம் என்று கேட்டவர்களே அதிகம் என்பதால் எல்லாக் கடிதங்களையும் ஊர் அளவில் நிறுத்தியிருக்கிறோம்.

என் கணவர் ஹவில்தாராக 24 ஆண்டு சர்வீஸ் முடித்து 2021-ல் வீட்டுக்கு வந்தார். கடைசி மெடிக்கல் போர்டில் ரத்தக் கொதிப்புக்கு 30 சதவீதம் போட்டிருக்கிறார்கள். ஆனால் டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று ரெக்கார்டு ஆபீஸ் கடிதம் அனுப்பிவிட்டது. 20 சதவீதம் இருந்தாலே போதும் என்றுதானே சொல்கிறார்கள்?
– ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

20 சதவீதம் என்பது பாதி விதிதான். போர்டு, அதாவது ராணுவ டாக்டர்கள் குழு, இரண்டு கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுகிறது. உடம்பு எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. அதற்கும் ராணுவப் பணிக்கும் சம்பந்தம் உண்டா என்பது மற்றொன்று. பணியாலேயே வந்தது, அல்லது ஏற்கெனவே இருந்தது பணியால் முற்றியது, இந்த இரண்டில் ஒன்று எழுதப்பட்டிருந்தால்தான் முதல் கேள்வியின் சதவீதத்துக்குப் பண மதிப்பு வரும். இரண்டும் இல்லை என்று எழுதினால் அதன் ஆங்கில முதலெழுத்துகள் என்.ஏ.என்.ஏ. பட்டாளத்துப் பேச்சில் ‘நானா’. உங்கள் கணவரின் தாளில் 30 சதவீதத்துக்குக் கீழே ‘பென்ஷனுக்குத் தகுதியான நிகர மதிப்பீடு’ என்றொரு கட்டம் இருக்கும். அங்கே ‘நில்’ (ஏதுமில்லை) என்று இருந்தால், மறுத்ததற்குக் காரணம் அந்த ஒரு சொல்தான்.

முதலில் முழு போர்டு நடவடிக்கைத் தாள் உங்கள் கைக்கு வர வேண்டும். அதன் படிவம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16. மறுப்புக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேல்முறையீடு எழுதுகிறவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். எதை எதிர்க்கிறோம் என்று தெரியாமல் எழுதப்படும் மனு வெறும் முறையீடாகிவிடும். ராணுவ எண்ணைக் குறிப்பிட்டு, சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கணவர் தன்னுடைய சொந்த மருத்துவ ஆவணத்தைக் கேட்பதால் மனுவில் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும்.

தாள் வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்.

நோய் முதலில் எந்தத் தேதியில், எந்த ஊரில் கண்டுபிடிக்கப்பட்டது? ரத்தக் கொதிப்பைப் பொறுத்தவரை அவர் வெளிவந்த காலத்து மருத்துவ வழிகாட்டி, ஃபீல்டு ஏரியா என்ற களப்பணிப் பகுதி, உயர்மலைப் பகுதி, கிளர்ச்சி ஒடுக்கும் பணி ஆகிய இடங்களில் தொடங்கியிருந்தால் ‘பணியால் முற்றியது’ என ஏற்கச் சொல்கிறது. பீஸ் ஸ்டேஷனில், அதாவது அமைதிப் பகுதி முகாமில், தொடங்கியது என்றால் பெரும்பாலும் ‘நானா’தான். இதில்தான் கோளாறு. உயர்மலையில் இரண்டரை ஆண்டு இருந்துவிட்டு பீஸ் ஸ்டேஷனுக்கு வந்த நான்காவது மாதம் வழக்கமான பரிசோதனையில் கொதிப்பு தெரிந்தால், தாளில் ஏறுவது கண்டுபிடித்த ஊரின் பெயர். நோய் அந்த ஊரில்தான் பிறந்தது என்று ஆகிவிடுகிறது. அதற்கு முந்தைய போஸ்டிங்குகளைத் தேதிவாரியாக அடுக்கிக் காட்டுவதே உங்கள் மேல்முறையீட்டின் முதுகெலும்பு.

அடுத்து, ‘நானா’வுக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள்? ‘உடலமைப்பு சார்ந்த நோய்’, ‘பணியோடு தொடர்பில்லை’ என்று ஒரு வரியில் முடித்திருந்தால் அது உங்களுக்குச் சாதகம். 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் நோய் எதுவும் எழுதப்படவில்லை என்றால் அவர் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், பின்னால் வந்த நோய்க்குப் பணி காரணமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, சிப்பாயுடையது அல்ல, சேரும்போது ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்குப் போர்டு காரணம் எழுத வேண்டும்.

மூன்றாவது, சேர்ந்த நாளின் மருத்துவப் பரிசோதனைத் தாள். அதில் குறை எதுவும் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, அதன் நகலையும் மனுவோடு இணையுங்கள்.

இந்தத் தீர்ப்பைக் காட்டினாலே வென்றுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். மனநோய் வழக்குகள் சிலவற்றில், 2009-லும் 2019-லும், அதே உச்ச நீதிமன்றம் போர்டின் கருத்தை ஏற்று பென்ஷனை மறுத்திருக்கிறது. ஆரோக்கியமாகச் சேர்ந்தார் என்பது ஓர் அனுமானம்தான். போர்டு உரிய காரணத்தோடு எழுதியிருந்தால் அது உடைந்துவிடும். அதனால் தீர்ப்பை விட அந்தக் காரணக் கட்டத்தை உற்றுப் படிப்பது முக்கியம்.

முதல் மேல்முறையீட்டுக்கு மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து 6 மாத அவகாசம். ரெக்கார்டு ஆபீஸ் வழியாக முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகும். அங்கும் மறுத்தால் இன்னொரு 6 மாதத்துக்குள் இரண்டாவது குழு. காலம் கடந்திருந்தாலும் தாமதத்துக்கான காரணத்தைத் தனிப் பத்தியாக எழுதி அனுப்புங்கள்.

அடுத்த ஆண்டு எனக்கு ரிலீஸ் (பணி முடிவு) மெடிக்கல் போர்டு. முதுகுத்தண்டில் டிஸ்க் பிரச்சினை, எல்.எம்.சி.யில் (குறைந்த மருத்துவத் தரத்தில்) இருக்கிறேன். போர்டு முன் என்ன தயார் செய்ய வேண்டும்?
– பணியில் இருக்கும் ஒரு நாயக், தேனி

போர்டு நாளன்று செய்வதற்கு அதிகம் இல்லை. அதற்கு முன்பே தாள்கள் பேசி முடித்திருக்கும். ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் எழுதிய கருத்தை வைத்துத்தான் தலைவரும் உறுப்பினர்களும் முடிவெடுக்கிறார்கள். எனவே நீங்கள் உண்மையில் தயாராக வேண்டியது ஸ்பெஷலிஸ்டிடம் போகும் நாளுக்கு. எம்.ஆர்.ஐ. அறிக்கை, முந்தைய அட்மிஷன் தாள்கள், கடைசி கேட்டகரி போர்டு தாள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் கொண்டு போங்கள். ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் தாளிலும் ‘வலி’ என்று மட்டுமே ஏறும். எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, எத்தனை கிலோ தூக்கினால் கால் மரத்துப்போகிறது, இரவில் எத்தனை முறை விழிக்க நேர்கிறது என்று அளவோடு சொல்லுங்கள். சதவீதம் என்பது நோயின் பெயருக்குக் கிடைப்பது இல்லை. இழந்த செயல்பாட்டுக்குக் கிடைப்பது.

போர்டு படிவத்தில் ‘தன் வாக்குமூலம்’ என்று ஒரு பகுதி உண்டு. எங்கெங்கே பணியாற்றினீர்கள், அது ஃபீல்டா பீஸா, நோய் எப்போது தொடங்கியது, சேர்வதற்கு முன் இருந்ததா என்ற கேள்விகள். பல யூனிட்களில் கிளார்க்கே இதை நிரப்பிவிட்டு ‘இங்கே கையெழுத்து’ என்று காட்டுவார். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஃபீல்டு டென்யூர் (களப்பணிக் காலம்) ஒன்று விட்டுப்போனால் ஐந்து வருடம் கழித்து ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் அதை நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டிவரும். ‘சேர்வதற்கு முன் இருந்ததா?’ என்ற கேள்விக்குச் சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததையெல்லாம் வெள்ளந்தியாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதுவே பென்ஷனுக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றவர்கள் உண்டு. பொய் எழுதக் கூடாது. அதே சமயம் இந்த முதுகுக் கோளாறோடு சம்பந்தமில்லாத பழங்கதைக்கும் அங்கே இடமில்லை.

அறுவை சிகிச்சையை மறுத்தீர்களா என்றும் கேட்பார்கள். மறுத்திருந்தால் காரணம் எழுதப்பட வேண்டும். நியாயமான காரணமின்றி மறுத்ததாகப் போர்டு கருதினால் சதவீதம் குறையலாம். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையில் ஆபத்து உண்டு என்று டாக்டரே சொல்லியிருந்தால், அதை அவர் கையாலேயே அட்மிஷன் தாளில் எழுதச் சொல்லி வாங்கிவையுங்கள்.

எஸ்-1, பி-2 என்று கணவரின் தாளில் இருக்கிறதே, பி-2 என்றால் 20 சதவீதமா?
– ஒரு வாசகி, திருப்பத்தூர்

இல்லை. அது வேறு கணக்கு. ஷேப் என்பது ஐந்து தலைப்புகளின் ஆங்கில எழுத்துகள்: மனநலம் (எஸ்), செவி (எச்), கைகால் (ஏ), பொது உடல்திறன் (பி), கண் (ஈ). ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை தரம். 1 என்றால் எந்த இடத்திலும் எந்தப் பணியும் செய்யலாம். 5 என்றால் ராணுவப் பணிக்கே தகுதியில்லை. இது பணியிடத்துக்கான அளவுகோல். உயர்மலைக்கு அனுப்பலாமா, பாரம் தூக்க விடலாமா என்று கமாண்டிங் ஆபீசர் முடிவெடுப்பதற்காக. தற்காலிகக் கேட்டகரி 24 வாரம் வரை போகும், டி-24 என்று இருப்பது அதுதான். நிரந்தரக் கேட்டகரி ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை. டிசபிலிட்டி சதவீதம் இதிலிருந்து கணக்கிடப்படுவதில்லை.

ரெஜிமெண்ட் ஃபுட்பால் மேட்சில் முழங்கால் தசைநார் கிழிந்தது. ‘விளையாட்டில் பட்டதுதானே, கோர்ட் ஆஃப் என்கொயரி எதற்கு?’ என்கிறார்கள். பின்னால் பிரச்சினை வருமா?
– ஒரு லான்ஸ் நாயக், சிவகங்கை

வரும். நோய்க்கும் காயத்துக்கும் நடைமுறை வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. நோயில் பணித் தொடர்பைச் சொல்வது போர்டு. காயத்தில், சம்பவம் பணியில் நடந்ததா என்பதை முதலில் எழுத வேண்டியது யூனிட். போர்டு டாக்டர் ஐந்தாண்டு கழித்து உங்கள் முழங்காலைப் பார்த்து ‘இது மேட்சில் கிழிந்தது’ என்று கண்டுபிடிக்க முடியாது. அவர் தேடுவது ஒரு தாளைத்தான்: காய அறிக்கை, படிவம் ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006.

படைப்பிரிவு ஏற்பாடு செய்த அல்லது அனுமதித்த விளையாட்டு பணியாகவே கருதப்படும். ஆகவே உங்கள் காயம் ஏற்கத்தக்கதுதான், தாள் இருந்தால். அறிக்கையில் ஐந்து விஷயம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். சம்பவத் தேதியும் நேரமும். இடம். என்ன செய்துகொண்டிருந்தீர்கள், ‘ரெஜிமெண்ட் ஒழுங்குசெய்த போட்டி’ என்ற சொற்கள் இருக்க வேண்டும், ‘விளையாடும்போது’ என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தக் கால், இடது வலது மாறிப்போன அறிக்கைகள் ஏராளம். கடைசியாக, ‘பணியில் இருந்தார்’ என்பதற்கு நேரே கமாண்டரின் கையெழுத்து. காயம் கடுமையானது என்று மருத்துவ அதிகாரி எழுதினாலோ, சம்பவத்தில் சந்தேகம் இருந்தாலோ விசாரணைக் குழு (கோர்ட் ஆஃப் என்கொயரி) அமைக்க வேண்டும். உங்களுடையது தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை வரை போகக்கூடியது. எழுத்துமூலம் கேளுங்கள். விசாரணை நடந்தால் அதன் முடிவுரை நகலைக் கையில் வைத்திருங்கள். யூனிட் இடம் மாறும்போது முதலில் தொலைவது இந்தக் கோப்புதான்.

மகன் லீவில் வந்தபோது பைக் விபத்தில் கால் போனது. லீவு நாளும் பணி நாள்தான் என்று ஒரு வக்கீல் சொல்கிறார். பென்ஷன் கிடைக்குமா?
– ஒரு தந்தை, தர்மபுரி

எந்த நாளில் நடந்தது என்பதை விட என்ன செய்துகொண்டிருந்தபோது நடந்தது என்பதே கேள்வி. அனுமதிக்கப்பட்ட லீவில் பணியிடத்திலிருந்து ஊருக்கு வரும் பயணமும் திரும்பிப் போகும் பயணமும், வழக்கமான பாதையில் இருந்தால், பணியாகக் கருதப்படும். அந்தப் பயணத்தில் விபத்து என்றால் லீவுச் சான்று, ரயில் வாரண்டு, டிக்கெட், எஃப்.ஐ.ஆர். நான்கையும் உடனே பத்திரப்படுத்துங்கள். ஊரில் இருந்த நாட்களில் சொந்த வேலையாகப் போகும்போது நடந்தது என்றால், காயத்துக்கும் பணிக்கும் காரணத் தொடர்பு காட்ட வேண்டும். அது கடினம். 2011-ல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு வழக்கில் பென்ஷன் மறுத்திருக்கிறது. வக்கீல் சொன்னதில் பாதி சரி, ஆனால் வழக்கு நிற்பது அந்தப் பாதியின் மேல் அல்ல. மகன் இன்னும் பணியில் இருந்தால், கால் இழப்பைத் தாண்டி அவரை மாற்றுப் பணியில் வைத்துக்கொள்ள யூனிட் தயாரா என்பதை முதலில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவிலிருந்து, அதாவது பணியிலிருந்து நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பிலிருந்து, 2021 ஆகஸ்டில் போர்ப்பணி வீரர்களுக்கு விலக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது. அதனால் அந்தச் சட்டத்தைக் காட்டி வற்புறுத்த முடியாது.

20 சதவீதம், 40 சதவீதம், 60 சதவீதம் என்றால் கையில் எவ்வளவு வரும்? எளிதாகப் புரியும்படி சொல்லுங்கள்.
– பல வாசகர்கள்

கடைசி மாதச் சம்பளக் கணக்கு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அகவிலைப்படி தனி.

டிசபிலிட்டி பென்ஷன் இரண்டு துண்டு. சர்வீஸ் பகுதி என்பது பணியாற்றியதற்கு. சம்பளத்தில் பாதி, 25,000. டிசபிலிட்டி பகுதி என்பது உடல் இழப்புக்கு. 100 சதவீத இழப்புக்குச் சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது 15,000. இழப்பு குறைந்தால் அதே விகிதத்தில் குறையும்.

இங்கேதான் ‘பிராட் பேண்டிங்’ வருகிறது. 20 முதல் 49 வரை என்ன சதவீதம் இருந்தாலும் 50 ஆகக் கொள்வார்கள். 50 முதல் 75 வரை என்றால் 75. 76 முதல் என்றால் 100. எனவே 20-க்கும் 40-க்கும் ஒரே தொகை, 7,500. 60-க்கு 11,250. இடையிலேயே போர்டு அவுட் ஆனவர்களுக்கு, அதாவது உடல்நிலையால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு, மட்டும் 1996 முதல் இருந்த இந்தச் சலுகை, காலம் முடித்து வெளிவந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பழைய பி.பி.ஓ.வில் (பென்ஷன் உத்தரவில்) 30 சதவீதம் என்றே இருந்து, தொகையும் 30-க்கே வந்துகொண்டிருந்தால் ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்திலும் ரெக்கார்டு ஆபீஸிலும் திருத்தம் கேளுங்கள்.

சதவீதத்தைவிடத் தொகையைப் புரட்டிப்போடுவது பிரிவு. 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக ஆணை, சம்பவங்களை ஏ முதல் ஈ வரை ஐந்து பிரிவாக்குகிறது. ஏ என்றால் பணிக்குச் சம்பந்தமில்லாதது. பி என்றால் பணியால் வந்த அல்லது முற்றிய நோய். சி என்றால் பணியில் விபத்து. டி, ஈ பிரிவுகளில் தீவிரவாதத் தாக்குதல், எதிரி நடவடிக்கை போன்றவை வரும். போர்க்களக் காயமாக ஏற்கப்பட்டால் கிடைப்பது வார் இஞ்சுரி பென்ஷன். அதே 50,000 ரூபாய்க்காரர், அதே 40 சதவீதம், காயத்தால் இடையிலேயே வெளியேற்றப்பட்டவர் என்றால் காயப் பகுதி 100 சதவீதத்துக்கு முழுச் சம்பளம். 50-ஆகக் கொண்டு 25,000. சர்வீஸ் பகுதியோடு மொத்தம் 50,000. சி பிரிவில் இருந்திருந்தால் 32,500. காயத்தோடு பணியில் தொடர்ந்து, காலம் முடித்து வந்தவருக்குக் காயப் பகுதி முழுச் சம்பளத்துக்குப் பதில் 60 சதவீதத்தில் கணக்காகும், இவருக்கு 15,000. காய அறிக்கையில் ‘பேட்டில் கேஷுவல்டி’ (போர்க்களப் பாதிப்பு) என்ற வார்த்தை இருக்கிறதா இல்லையா என்பதன் விலை இதுதான். சதவீதத்தை 40-லிருந்து 45 ஆக்கப் போராடுகிறவர்கள் பிரிவைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

முழு 100 சதவீத இழப்பில், எப்போதும் உதவியாள் வேண்டும் என்று போர்டு பரிந்துரைத்தால் தனிப் படி உண்டு. 2017 ஜூலை முதல் மாதம் 6,750 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அகவிலைப்படி ஒவ்வொரு 50 சதவீதம் ஏறும்போதும் இது 25 சதவீதம் கூடும்.

ஒரு எச்சரிக்கை. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளிவந்தவர்களுக்குப் புதிய தகுதி விதிகள். காலம் முடித்து வருபவர்களுக்கான தொகைக்கு ‘இம்பேர்மெண்ட் ரிலீஃப்’ என்று பெயரே மாறிவிட்டது. மருத்துவ வழிகாட்டியும் புதிது. பக்கத்து வீட்டுக்காரர் 2019-ல் வாங்கிய உத்தரவை வைத்து 2024-ல் வந்தவருக்குக் கணக்குப் போடாதீர்கள்.

எனக்குக் கொதிப்புக்கு 30, சர்க்கரைக்கு 20. ஆக 50. 75-ஆக ஏற வேண்டும் அல்லவா?
– ஒரு முன்னாள் படைவீரர், கன்னியாகுமரி மாவட்டம்

கூட்டல் கணக்கு கிடையாது. உடல் முழுமைக்கும் சேர்த்து ‘காம்போசிட்’ என்று ஒரு சதவீதம் எழுதுவார்கள். அது பெரும்பாலும் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக, 40 என்பதுபோல் இருக்கும். அதிலும் பணித் தொடர்பு ஏற்கப்பட்ட நோய் மட்டுமே பென்ஷனுக்கு. கொதிப்பு ஏற்கப்பட்டு சர்க்கரை ‘நானா’ என்றால் உங்கள் எண் 30, அது 50-ஆகும். பேண்டிங் கடைசியில் ஒரே ஒரு முறைதான்.

15–19 சதவீதம் என்று எழுதி என்னைப் போர்டு அவுட் செய்துவிட்டார்கள். 20-க்கு ஒன்று குறைவு. இது என்ன நியாயம்?
– ஒரு வாசகர், கடலூர்

உங்கள் கோபம் நியாயமானது, சட்டமும் உங்கள் பக்கமே. ராணுவத்தில் வைத்திருக்க முடியாத அளவுக்கு இயலாமை என்று வெளியே அனுப்பிவிட்டு, அதே இயலாமை 20-க்கும் குறைவு என்று சொல்வது ஒன்றுக்கொன்று முரண். 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடல்நிலையால் வெளியேற்றப்பட்டவரின் இயலாமை 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்றது. ஆனால் டிஸ்சார்ஜ் புக்கில் வெளியேறிய காரணம் என்ன என்று பாருங்கள். ‘மெடிக்கல் போர்டால் வெளியேற்றம்’ என்று இருந்தால் மேலே சொன்னது பொருந்தும். ‘சொந்த விருப்பம்’ அல்லது ‘பணிக்காலம் முடிவு’ என்று இருந்தால் இந்தத் தீர்ப்பைக் காட்ட முடியாது. எல்.எம்.சி.யில் இருந்தபோது ‘தொடர விருப்பமில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

போர்டில் 40 போட்டார்கள். இப்போது மோசமாகிவிட்டது. திரும்பப் பரிசோதிக்கச் சொல்லலாமா?
– ஒரு முன்னாள் சுபேதார், நாமக்கல்

சொல்லலாம். 2001-லிருந்து, நிரந்தர இயலாமை என்று எழுதப்பட்டிருந்தால் ஒருமுறை போட்ட சதவீதம் ஆயுளுக்கும் இறுதி; நீங்களாகக் கேட்டால் மட்டுமே மறுபரிசீலனை. ஆனால் கேட்பதற்கு முன் கணக்குப் பாருங்கள். 40 இப்போது 45 ஆனால் உங்களுக்கு ஒரு ரூபாயும் கூடாது; இரண்டுமே 50-தான். 50-ஐத் தொட்டால்தான் 75-க்குத் தாவும். வெளி மருத்துவமனையின் சமீபத்திய ஸ்பெஷலிஸ்ட் அறிக்கை அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். புதிய போர்டு குறைத்தும் எழுதலாம்.

அரசு தரும் யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டையில் 40 சதவீதம் இருக்கிறது. அதை ரெக்கார்டு ஆபீஸில் கொடுத்தால் ஏற்பார்களா?
– ஒரு வாசகர், மதுரை

ஏற்க மாட்டார்கள். அது வேறு சட்டம், வேறு அளவுகோல். பணித் தொடர்பு என்ற கேள்வியே அதில் இல்லை. மேல்முறையீட்டில் உடல்நிலைக்கான துணை ஆதாரமாக இணைக்கலாம். ராணுவ போர்டு தாளை வைத்து மட்டும் சிவில் சலுகை கேட்கவும் முடியாது. அவற்றுக்கு அந்த அட்டைதான் வேண்டும். இரண்டையும் வைத்திருங்கள்.

தம்பி அக்னிவீர். பயிற்சியில் காயம். அவனுக்கும் இந்தப் பென்ஷனா?
– ஒரு வாசகி, ராணிப்பேட்டை

நான்கு ஆண்டுப் பணிக்கு எடுக்கப்படும் அக்னிவீருக்கு மாதாந்திரப் பென்ஷன் இல்லை; மொத்தத் தொகை. பணியால் ஏற்பட்ட அல்லது பணியால் முற்றிய இயலாமை என்று ஏற்கப்பட்டால் 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம். 20 முதல் 49 வரை 50-ஆகக் கொள்வார்கள். இதோடு, இடையில் வெளியேற்றப்பட்டால் மீதமுள்ள காலத்துக்கான சம்பளமும், சேவா நிதி என்ற பணி முடிவுத் தொகையும் உண்டு. நான்கு ஆண்டுதானே என்று காய அறிக்கையை அலட்சியமாக விடாதீர்கள். அவர்கள் விஷயத்தில் அந்தத் தாளின் மதிப்பு இன்னும் கூடுதல், திரும்பத் திறக்க மாதாமாதம் வரும் பென்ஷன் கோப்பு என்று ஒன்று இருக்காது.

இரண்டு மேல்முறையீடும் மறுத்துவிட்டார்கள். அடுத்து?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாடு, புதுச்சேரிக்குச் சென்னை அமர்வு. இறுதி மறுப்பு வந்த தேதியிலிருந்து 6 மாதம். கடந்துவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போட வேண்டும். பென்ஷன் என்பது ஒவ்வொரு மாதமும் பிறக்கும் உரிமை என்பதால் தாமதத்தை மன்னிப்பதில் தீர்ப்பாயம் பொதுவாகத் தாராளம். ஆனால் பாக்கித் தொகையை மனுவுக்கு முந்தைய 3 ஆண்டுக்குள் அடக்கிவிடும் உத்தரவுகள் மிகுதி. 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் வந்த தீர்ப்பே அதற்கு அடிப்படை. பத்து வருடம் தள்ளிப்போட்டவர் அதில் ஏழு வருடத்தை இழக்க நேரிடும். தீர்ப்பாயத்தில் தோற்றாலும் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவாகப் போக முடியும். 2023-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வக்கீல் செலவுக்கு வழியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

அப்பாவை 1985-ல் 7 வருட சர்வீஸில் மனநோய் என்று போர்டு அவுட் செய்தார்கள். பென்ஷன் எதுவும் இல்லை. இப்போது கேட்க முடியுமா?
– ஒரு வாசகர், அரியலூர்

கேட்கலாம். தடை சட்டத்தில் இருப்பதை விடக் கோப்பில்தான் அதிகம். பென்ஷன் வாங்காதவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருந்து அழித்துவிடுவார்கள். உங்கள் அப்பாவுக்கு அது 2010-லேயே முடிந்திருக்கும். மிஞ்சியிருப்பது ‘லாங் ரோல்’ என்ற பதிவேட்டுக் குறிப்பு மட்டும். அதில் வெளியேறிய காரணமும் தேதியும் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதி அந்தக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். வீட்டில் டிஸ்சார்ஜ் புக், ராணுவ மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாள், அப்போது வந்த மறுப்புக் கடிதம், பழைய மணியார்டர் ரசீது என எது இருந்தாலும் முதலில் இரண்டு நகல் எடுங்கள். அசலை எந்த அலுவலகத்துக்கும் தபாலில் அனுப்பாதீர்கள். நோட்டரி சான்றிட்ட நகல் போதும்.